தினமும் கையில் எடுக்கும் கருவி: நல்லதென்று எதைக் கொண்டு சொல்வது?

கருவிப்பித்தன், காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். அன்றாடம் புழங்கும் சாதாரணக் கருவிகளில் நல்ல வேலைப்பாடு உள்ளவற்றைத் தேடி வாங்கிப் பயன்படுத்துவது எனக்கு நெடுநாள் பொழுதுபோக்கு. அரும்பொருள் சேர்ப்பவர்களைப் போல அவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்ப்பதில் எனக்கு நாட்டமில்லை. காலையில் எழுந்து டிகாக்‌ஷன் இறக்குவதில் தொடங்கி, இரவு பேனாவுக்கு மை நிரப்பி மூடுவது வரை, கையில் எடுக்கும் ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும், அதைச் செய்யும்போது எனக்கும் சிறிது மகிழ்ச்சி தர வேண்டும் என்பது மட்டுமே என் எதிர்பார்ப்பு.

உதாரணத்துக்கு, எங்கள் வீட்டில் இருக்கும் பித்தளை ஃபில்டரைச் சொல்கிறேன். அதன் மேல் பாத்திரத்தின் அடியிலுள்ள துளைகள் எல்லாம் ஒரே அளவில், விரலால் தடவினால் உட்புறம் பிசிர் தட்டாமல் இருக்கின்றன. பொடியை அழுத்தும் குடை, சுவரோடு உரசாமலும் இடைவெளி விடாமலும் அடிவரை இறங்குகிறது. கொதிநீர் ஊற்றிய பிறகும் இரண்டு பாத்திரங்களும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளாமல், ஒரு சிறு திருகலில் கழன்று வருகின்றன. இதைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் செய்து முடித்த பிறகு அவரே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஓர் அரிவாள்மனையும் காய் நறுக்க ஒரு சிறு கத்தியும் எங்கள் பக்கத்துப் பட்டறையில் சொல்லி அடித்து வாங்க விரும்புகிறேன். பட்டறைக்காரர் "ஸ்பிரிங் பட்டையில் வேண்டுமா, பிளேடில் வேண்டுமா?" என்று கேட்டார், எது எதற்கு நல்லது என்று அவரிடம் கேட்டதற்கு, "இரண்டும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு உலைக்குத் திரும்பிவிட்டார். பார்வைக்கு அழகாக இருக்கிறதா என்பதைத் தாண்டி, ஓர் அலகு நல்லதா இல்லையா என்பதை வாங்கும் இடத்திலேயே எப்படிச் சோதிப்பது? மாங்காய்க் காலத்தில் இரும்பு அலகு கறுத்துப்போகிறது என்பதால், கடையில் விற்கும் எவர்சில்வர் கத்தியே போதும் என்பது என் வீட்டார் கருத்து. அதில் நியாயம் உண்டா? கூடவே, நீங்கள் நாள்தோறும் விரும்பி எடுக்கும் கருவி எது, அதை ஏன் நல்லதென்று கருதுகிறீர்கள் என்பதையும் எழுதினால் மகிழ்வேன்.

பழைய டூல்ரூம், ஓசூர்

வணக்கம் நண்பரே. பட்டறைக்காரர் சொன்னது பொய்யன்று, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

நம் பகுதியில் கத்தி, அரிவாள் அடிக்கப் பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைத்தான் எடுப்பார்கள். சென்னைச் சாலையும் பெங்களூருச் சாலையும் சேலம் சாலையும் கூடுகிற கிருஷ்ணகிரியில் அதற்குப் பஞ்சமே இல்லை. அதில் கரிமம் (கார்பன்) ஏறக்குறைய 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். சாதாரண இரும்புப் பட்டையில் இது 0.25 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், அதை எவ்வளவு காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் வைத்தாலும் வாய், அதாவது கூர் விளிம்பு, நிற்காது, இரண்டு தேங்காய்க் கீற்றுக்கே மடங்கிவிடும். ஸ்பிரிங் பட்டையைக் காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது சுமார் 770 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடியைப் போலக் கடினமாகும். அப்படியே விட்டால் கீழே விழுந்தவுடன் வாய் உதிரும் என்பதால், மறுபடியும் மெல்லச் சூடேற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோலின் பொன்னிறம் படரும்போது நிறுத்த வேண்டும். அந்த நிறம் ஏறக்குறைய 220, 230 பாகையில் வரும். நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் ஏறக்குறைய 300 பாகையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அது ஸ்பிரிங்குக்கு ஏற்ற பதம், கத்திக்கு ஏற்றதன்று.

அவர் "பிளேடு" என்றது, தொழிற்சாலைகளில் இரும்பை அறுக்கும் பெரிய பவர் ஹாக்சா பிளேடாகத்தான் இருக்கும். அது ஹைஸ்பீட் ஸ்டீல். அதிவேகத்தில் அறுக்கும்போது ஏறும் 600 பாகைச் சூட்டிலும் கடினத்தை இழக்காது என்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. கிராமத்து உலையில் அதற்குப் பதம் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. ஏற்கெனவே கடினமாக இருப்பதை வடிவத்துக்குத் தேய்த்து எடுத்தால் போதும். கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் வளைத்தால் முறியும், வீட்டுக் கல்லில் தீட்டுவதற்கும் வெகுநேரம் பிடிக்கும். ஆகவே அரிவாள்மனையை ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கேளுங்கள். சிறு கத்தியை எதில் வேண்டுமானாலும் வாங்கலாம்; நானாக இருந்தால் அதற்கும் ஸ்பிரிங் பட்டைதான், ஏனென்றால் தீட்டுவதில் உள்ள சுகம் எனக்கு வேண்டும்.

சோதிப்பதற்குப் பையில் ஒரு நல்ல அரத்தை எடுத்துச் செல்லுங்கள். விளிம்பை ஒட்டி மெல்ல இழுத்தால், பதம் வைத்த அலகில் அரம் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். பதம் இல்லாததில் கடித்து இரும்புப் பொடியைக் கிளப்பும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதே சொல்லிவிடும். அடுத்து, கண்ணுக்கு நேரே அலகை நீட்டிப் பிடித்து முதுகு கோணாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கூரைவிட முக்கியமானது கூருக்குச் சற்றுப் பின்னால் உள்ள தடிமன். அந்த இடம் தடித்திருந்தால், எவ்வளவு தீட்டினாலும் கேரட்டை அறுக்காது, பிளக்கும். பட்டறை வேலையில் பெரும்பாலும் குறை இருப்பது இங்கேதான், ஏனெனில் மெல்லியதாக அடிக்க நேரமும் கரியும் கூடுதலாகச் செலவாகும், வாங்குபவரோ எடையைத் தூக்கிப் பார்த்துத்தான் விலை பேசுகிறார். நீங்கள் முன்கூட்டியே "கனம் வேண்டாம், வாய்ப் பக்கம் மெலிவாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் அவரே மகிழ்ந்து செய்வார்.

வாங்கி வந்த பிறகு தெருவில் மோட்டார் சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். பொறி பறக்கப் பிடித்த சாணையில் விளிம்பு ஒரு நொடி நீலமானாலும் போதும், பட்டறைக்காரர் வைத்த பதம் அந்த இடத்தில் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவரின் தாத்தா காலத்து வெற்றிலைக் கத்தி அப்படித்தான் வீணாயிற்று. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு பக்கக் கார்போரண்டம் கல்லே வீட்டுக்குப் போதுமானது. அலகின் அகலம் 30 மில்லிமீட்டர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து சுமார் 8 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் 15 பாகைக் கோணம் கிடைக்கும். 10 மில்லிமீட்டர் தூக்கினால் 20 பாகை. இரண்டுக்கும் இடையில் எங்கே பிடித்தாலும் சரி, ஆனால் பிடித்த கோணம் மாறக் கூடாது. ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே வந்து மறுபக்க விளிம்பைக் கட்டைவிரலால் குறுக்கே தடவினால், மயிரிழைப் பிசிர் ஒன்று தட்டுப்படும். அந்தப் பிசிர் அடி முதல் நுனி வரை எழும்பிய பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும். பெரும்பாலோர் பொறுமையிழந்து பாதியில் மாற்றுவதால்தான் "நானும் தீட்டித்தான் பார்க்கிறேன், கூர் ஏறவில்லை" என்கிறார்கள். கடைசியாகக் கையில் கனமே இல்லாமல் மாற்றி மாற்றி இழுத்து, பீங்கான் கோப்பையின் அடியில் பூச்சில்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் இரண்டொரு முறை தடவினால், அந்தப் பிசிரும் உதிர்ந்துவிடும். விளக்கொளியில் விளிம்பை நேரே பிடித்துப் பாருங்கள்: மழுங்கிய இடம் மட்டும் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் இதுதான். செய்தித்தாளைக்கூட இதற்குப் பிறகுதான் விரிக்கிறேன்.

மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 எனக் கணிக்கப்பட்டுள்ளதாக 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தது நினைவிருக்கலாம். அந்த மயிலாடும்பாறை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு பழைய இரும்புத் தொழில் நடந்த மண்ணில், காய் நறுக்க ஓர் இரும்பு அலகு தேடுபவரைப் பித்தன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

களித்துடுப்பு, தருமபுரி

டூல்ரூம் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன், மிகவும் பயனுள்ளது. ஆனாலும் அரிவாள்மனை என்றதும் அலகைப் பற்றி மட்டுமே பேசுவது, அதில் உட்கார்ந்து நறுக்காதவர்களின் வழக்கம். எங்களுக்கு அதன் பலகைதான் முதலில் தெரியும். ஒரு காலை மடித்து மறு காலால் பலகையை அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் காயைப் பிடித்து அலகை நோக்கித் தள்ளுகிறோம் என்பதால், கத்தி நகர்வதில்லை, காய்தான் நகர்கிறது. பலகை சிமெண்டுத் தரையில் சற்று ஆடினாலும் விரலுக்கு ஆபத்து. பலகையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா, நான்கு மூலையும் தரையில் படிகிறதா, அலகின் அடிவால் பலகைக்குள் இறங்கும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்பதையெல்லாம் தரையில் வைத்து, காலால் அழுத்தி, காயோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பட்டறைக்கு ஒரு முள்ளங்கியை எடுத்துச் செல்லுங்கள் ஐயா. அரத்தைவிட அது நிறையச் சொல்லும். நுனியில் தேங்காய்த் துருவி வைப்பதாக இருந்தால், அதன் பற்கள் அலகின் நேர்கோட்டிலிருந்து விலகாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அலகு கறுப்பதைப் பற்றி உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மாங்காயின் புளிப்பு இரும்பை அரிக்கிறது, வாழைக்காயிலும் மாங்காயிலும் உள்ள துவர்ப்போ இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இந்தச் சேர்க்கையால்தான். நீங்கள் இரவில் பேனாவுக்கு மை நிரப்புபவர் என்பதால் சொல்கிறேன். அந்தக் கறுப்பு கெடுதல் செய்யாது. நாளடைவில் அலகு முழுவதும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்துவிட்டால், பிறகு துரு அவ்வளவு எளிதில் ஏறாது. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கும்போது, முடித்த கையோடு கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்துவிடுவேன். நல்லெண்ணெய் தடவினால் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். எலுமிச்சை பிழிவதற்கு மட்டும் என் வீட்டிலும் ஓர் எவர்சில்வர் கத்தி உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கருவியைப் பற்றிக் கேட்டீர்கள், என் புனைபெயரே அதுதான். கேழ்வரகுக் களி கிண்டும் துடுப்பு, புளியமரத்தில் செதுக்கியது. உருட்டுக் கட்டையிலும் களி கிண்டலாம், ஆனால் நல்ல துடுப்புக்கு அடிப்பகுதி தட்டையாகவும் ஓரம் சற்றுக் கூர்ந்தும் இருக்கும். கொதிக்கும் நொய்க் கஞ்சியில் மாவைக் குவித்து, நடுவில் குழி செய்து, வெந்து மேலே வரும்வரை விட்டுவைத்து, பிறகு பானையைக் கவைக் கட்டையால் அசையாமல் பிடித்துக்கொண்டு கிண்டும்போது, கட்டியைப் பானைச் சுவரோடு வைத்து நசுக்குவது அந்தத் தட்டையான ஓரம்தான். மாவு இறுக இறுகத் துடுப்பைத் திருப்புவதற்கே தோள்பட்டை வலிமை வேண்டும்; அப்போது பிடியின் பருமன் கைக்குச் சரியாக இல்லையென்றால், ஒரே வாரத்தில் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிடும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் களி ஒட்டக் கூடாது, அதுவே பதம். என் துடுப்பின் ஒரு பக்கம் என் மாமியாரின் கைப்பழக்கத்தால் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. அவர் இடக்கைக்காரர், எனக்கு அது முற்றிலும் பொருந்தவில்லை என்றாலும் மாற்ற மனம் வரவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பித்தளை ஃபில்டரை ரசிக்கும் ஆண்கள் பலரை எனக்குத் தெரியும்; அதற்குப் புளி போட்டுத் தேய்ப்பது யார் என்று இங்கே யாரும் எழுதுவதில்லை. உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்துவிட்டதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? டிகாக்‌ஷனில் புளிப்புத்தன்மை உண்டு, பூச்சில்லாத பித்தளையில் அது நெடுநேரம் நிற்பது நல்லதன்று.

ஒட்டுக்கத்தி, சந்தூர்

எனக்கு மா நாற்றுப் பண்ணை. எங்கள் கத்திகளுக்கு இங்கே சொன்ன விதிகளில் ஒன்று பொருந்தாது என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். ஒட்டுக் கட்டும் கத்தியை ஒரு பக்கம் மட்டுமே தீட்ட வேண்டும், மறுபக்கம் தட்டையாகவே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சரிவாக இருந்தால், ஒட்டுக்குச்சியை ஆப்பு வடிவில் சீவும்போது கத்தி மரத்திலிருந்து விலகி மேலேறி, வெட்டுப் பரப்பு சற்றே குழிந்துவிடும். குழிந்த பரப்பு வேர்ச்செடியின் பிளவோடு முழுமையாகப் படியாது, இடையில் காற்று நிற்கும், ஒட்டு பிடிக்காது. மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்தை ஒரே இழுப்பில் சீவ முடிந்தால்தான் கத்தி நல்ல கத்தி. காலையில் வேலை தொடங்குவதற்கு முன், பழைய தோல் இடுப்புவாரில் கத்தியைத் தடவிக்கொண்டு ஒரு தேநீர் குடிப்பது எங்கள் பண்ணையில் எல்லோருக்கும் வழக்கம். அந்த நேரத்தில் யாரும் யாரிடமும் கத்தியைக் கேட்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம்.

தகடூரான்

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன், கருவிப்பித்தன் அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். நல்ல கருவியின் மேல் உள்ள விருப்பம், கொஞ்ச நாளில் கருவி வாங்குவதன் மேல் உள்ள விருப்பமாக மாறிவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். தீட்டுவதற்கு ஜப்பானியக் கல் நான்கு வகை இருக்கும், வீட்டில் நறுக்குவதற்கு வெங்காயம் இருக்காது. வேலைப்பாட்டைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு மரப்பிடியின் மினுமினுப்பையும் பெட்டியின் அழகையும் போற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

நம் ஊரை ஆண்ட அதியமானைப் பாடும்போது ஔவையார், ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரத்தைப் போன்றவன் அவன் என்று புறநானூற்றின் 87ஆம் பாட்டில் சொல்கிறார். நல்ல வேலைப்பாட்டுக்கு இதைவிடச் சிறந்த புகழுரையை நான் படித்ததில்லை. அந்த ஒரு மாதம் செலவானது தேரின் உச்சிக்கோ சித்திர வேலைக்கோ அன்று, பாரத்தைத் தாங்கிக்கொண்டு மண்ணில் உருள வேண்டிய உறுப்புக்கு என்பதை மட்டும் நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஃபில்டரில் துளையையும் குடையையும் முதலில் பார்த்த அண்ணனுக்கு இது தெரியும். விலைப்பட்டியலைப் பார்த்து மயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் அளவுகோல் வேறு. தேயும் உறுப்பைத் தனியாக மாற்ற முடிகிறதா, அதை எந்தக் கடையிலும் வாங்க முடிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். நான் காலையில் எடுக்கும் சவர ரேசர், ஒற்றை பிளேடைத் திருகி மாட்டும் பழைய வகை. ஜில்லெட்டுக்கு அமெரிக்காவில் அதன் காப்புரிமை கிடைத்தது 1904இல்; உரிமைக்காலம் முடிந்து எத்தனையோ பத்தாண்டுகள் ஆனதால், இன்று எந்த நிறுவனத்தின் இரட்டை விளிம்பு பிளேடும் எந்த ரேசரிலும் பொருந்துகிறது, பென்னாகரம் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கிறது. கெட்டுப்போவதற்கு அதில் ஒரு திருகைத் தவிர வேறெதுவும் இல்லை. பிடியைத் தோலோடு ஏறக்குறைய 30 பாகை சாய்த்து, அழுத்தாமல், ரேசரின் எடையை மட்டுமே இறங்க விட வேண்டும் என்பதால் அவசரமாகச் சவரம் செய்ய முடியாது. அந்தச் சில நிமிடங்களில் கைப்பேசியையும் தொட முடியாது. அதற்காகவே அதை வைத்திருக்கிறேன் என்றாலும் தவறில்லை.

கருவிப்பித்தன், காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் நன்றி. தகடூரான் தம்பி, கோபம் ஒன்றுமில்லை. ஆனால் சக்கரத்தைச் செய்த தச்சன் அதைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்திருக்க மாட்டான் என்று மட்டும் சொல்லாதீர்கள். தேவையற்றதை வாங்குவது வேறு, கையிலிருப்பதை ரசிப்பது வேறு. என்னிடம் கல் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் நடுவில் குழிந்துபோனது.

தருமபுரி அம்மா கேட்டதற்குப் பதில்: ஃபில்டரை நானேதான் தேய்க்கிறேன், ஆனால் ஈயப் பூச்சை உற்றுப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. உங்கள் பதிவைப் படித்ததும் எடுத்துப் பார்த்தேன். கீழ்ப் பாத்திரத்தின் அடியில், டிகாக்‌ஷன் நிற்கும் உயரம் வரை, மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கியிருக்கிறது. பூசிக்கொண்டு வரும்வரை எவர்சில்வர் ஃபில்டர்தான். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரே வீச்சில் பரப்பும் அந்த வேலையை முன்பு எங்கள் தெருவிலேயே செய்தார்கள். இப்போது கிருஷ்ணகிரி பக்கம் யாராவது செய்கிறார்களா என்று தெரிந்தவர்கள் தகவல் தரவும்.

அரிவாள்மனை ஸ்பிரிங் பட்டையில் என்று முடிவாகிவிட்டது. முள்ளங்கியும் அரமும் எடுத்துக்கொண்டு போகிறேன். டூல்ரூம் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: குழிந்த கல்லில் தீட்டலாமா, அல்லது புதிதாக வாங்க வேண்டுமா?

பழைய டூல்ரூம், ஓசூர்

வாங்க வேண்டாம். குழிந்த கல்லில் தீட்டினால் கோணம் மாறிக்கொண்டே போகும், சந்தூர்க்காரர் சொன்ன தட்டைப் பக்கமெல்லாம் அதில் நடக்கவே நடக்காது. ஆனால் கல்லைச் சமன் செய்வது எளிது. வீட்டின் பின்புறம் சமமான கடப்பைக் கல்லோ கிரானைட் துண்டோ கிடந்தால், அதன் மேல் ஆற்று மணலைச் சலித்துப் போட்டுத் தண்ணீர் விட்டு, தீட்டுக்கல்லைக் கவிழ்த்து வைத்து எட்டு வடிவில் தேயுங்கள். தொடங்குவதற்கு முன் கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டுக்கொண்டால், மேடான இடத்துக் கோடுகள் முதலில் அழியும், பள்ளத்தில் உள்ளவை கடைசியில் அழியும். எல்லாக் கோடும் மறைந்துவிட்டால் கல் சமமாகிவிட்டது. பழைய எண்ணெய் ஊறிய கல்லாக இருந்தால் முதலில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் மணல் ஒட்டிக்கொண்டு வேலை நகராது.

அலகு கைக்கு வந்ததும் எழுதுங்கள், முதல் கூர் எந்தக் கோணத்தில் வைப்பது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.